நீதவானும் என் விவாகரத்துக் கடதாசியும்

லண்டனில் உள்ள அத்தனை கவுண்டி கோர்ட்டுகளிலிருந்தும் வெளியே துரத்தப்பட்ட ஒரே தமிழர் எங்கள் நீதவான்தான். அவர் குற்றவாளி இல்லை, வழக்காளி இல்லை, வக்கீலும் இல்லை. பிறகு ஏன் அங்கே போனார் என்று கேட்கிறீர்களா? அதைத்தான் நானும் அவரிடம் கத்திக் கத்திக் கேட்டிருக்கிறேன்.

கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்தார். பெற்றோல் நிலையத்தில் வேலை. ஊரில் பெரிய நீதிபதியாக இருந்தவர் என்று புதிதாக வந்தவர்கள் நம்புவார்கள். உண்மை வேறு; நீதவான் என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர். தமையன் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டான் என்று வழக்குப் போட்டு, இளமை முழுவதையும் யாழ்ப்பாணத்துக் கோர்ட் வாசலில் தொலைத்தவர். பிறகு நாட்டில் சண்டை வந்தது. வேலியும் போனது, கோர்ட்டும் போனது, தமையனும் ஜெர்மனிக்குப் போய்விட்டான். தீர்ப்பு மட்டும் வரவில்லை. அந்த ஏமாற்றத்தை லண்டனில் எங்கள் தலையில் இறக்கினார். யாருக்காவது கோர்ட்டில் ஒரு கடதாசி எடுக்க வேண்டுமென்று கேள்விப்பட்டால் போதும். கூப்பிடாமலே கோட்டும் டையும் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்.

என் வாசலில் அவர் வந்து நின்றது தொண்ணூறுகளின் நடுவில்.

எனக்கு அப்போது இரண்டாம் கலியாணம் பேசியிருந்தது. சிவா நல்ல மனிதர், பஸ் ஓட்டுகிறவர். நகர மண்டபத்தில் பதிவு செய்யப் போனால், முந்தின கலியாணம் முடிந்ததற்குக் கோர்ட் சீல் குத்திய கடதாசி கொண்டுவா என்றார்கள். அது என்னிடம் இல்லை. முந்தினவன் தபாலில் வந்த கவரோடு எடுத்துக்கொண்டு கனடாவுக்குப் போய்விட்டான். எந்தக் கோர்ட் என்றுகூட எனக்குத் தெரியாது. அவன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான். எதிர்வழக்கு இல்லாததால் நான் கோர்ட்டுக்குப் போகவே தேவைப்படவில்லை.

அவன் நாங்கள் இருந்த கிழக்கு லண்டனில் வழக்குப் போடவில்லை. போட்டால் கோர்ட் வாசலில் யாராவது யாழ்ப்பாணத்தார் கண்டுவிடுவார்களாம். தமிழர் வாடையே இல்லாத ஓர் ஊராகப் பார்த்துப் போட்டான். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் பலர் செய்த வேலை அது. என்னை அடித்தபோது வராத வெட்கம் அவனுக்குப் பிரியும்போது வந்தது.

ரெய்னர்ஸ் லேனில் இருந்த சிவாவின் தமக்கை டெலிபோனில் என்னைக் குடைந்தெடுத்தாள்.

"கடதாசி இல்லாமல் கலியாணமோ? நாளைக்கு அவன் வந்து, இவ என்ரை பெண்சாதி எண்டு நிண்டால் என்ரை தம்பி என்ன செய்யிறது? மாசம் முடியிறதுக்கிடையிலை கடதாசியைக் காட்டும். இல்லாட்டி நாங்கள் வேறை இடம் பாக்கிறம்."

சிவா தமக்கைக்குப் பயந்து வேலைக்குப் புறப்பட்டுவிட்டார். அவர் பஸ்ஸில்தான் வீரர்.

வேறு வழியில்லாமல் நீதவானுடன் புறப்பட்டேன். முதல் கோர்ட்டில் சீருடையோடு நின்ற காவலாளிக்கு இடுப்பு வளைத்து, "மை லோர்ட்" என்றார். கவுண்டரில் இருந்த பெண் வழக்கு இலக்கம் கேட்டாள். இலக்கம் தெரியாது என்றேன். பெயரை வைத்துத் தேடலாம், ஆனால் இந்த ஐயா யார் என்று கேட்டாள். குடும்ப வழக்குக் கோப்பை வழக்கில் சம்பந்தப்பட்டவர்தான் கேட்கலாமாம். நீதவானுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எங்கடை ஊரிலை ஒரு குடும்பம் பிரிஞ்சால் முழு ஊருக்கும் சம்பந்தம் இருக்கு! ஆரைப் பாத்துச் சம்பந்தமில்லை எண்டுறாய்?" என்று முதலில் தமிழில் கத்தினார். பிறகு அதையே ஆங்கிலத்தில் இன்னும் சத்தமாகக் கத்தினார். மை லோர்ட் வந்து எங்கள் இருவரையும் தெருவில் விட்டார்.

அதன் பிறகு தெற்கில் ஒன்று, வடக்கில் ஒன்று என்று ஏறி இறங்கினோம். ஒன்றில் வழக்கறிஞர் வரிசையில் போய் நின்று துரத்தப்பட்டார். இன்னொன்றில், தரை கூட்ட வந்த பெண்ணை நீதிபதி என்று நினைத்து எழும்பி நின்று, அங்கிருந்த எல்லோரையும் எழும்பச் சொல்லி அதட்டினார். அந்தப் பெண் மட்டும் சந்தோஷப்பட்டாள். நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உச்சம் வடை. "கிளாக்கரைக் கையிலை போட்டால் கோப்பு தானா வரும். ஊரிலை அதுதான் முறை" என்று ஒரு பொட்டலம் வடை கொண்டுவந்தார். கவுண்டரில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, அதை அங்கே வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்விட்டார். லண்டனில் குண்டுப் பயம் இருந்த காலம். எண்ணெய் ஊறிய பழுப்புப் பொட்டலத்தைக் கண்டதும் அபாய மணி அடித்தது. நீதிபதி, வக்கீல், வாதி, பிரதிவாதி எல்லோரும் மழையில் இறக்கப்பட்டார்கள். கடைசியாக வெளியே வந்த நீதவான், "லெண்டில்! லெண்டில்!" என்று பருப்புக்கு ஆங்கிலம் சொல்லிக்கொண்டு பொலிஸ்காரரின் பின்னால் ஓடினார்.

அந்த மழையில் எனக்குப் பக்கத்தில் நின்று சிகரெட் பிடித்த கோர்ட் எழுத்தர் ஒருத்தி, என் கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள். எந்தக் கோர்ட் என்று தெரியாவிட்டால் ஏன் அலைகிறாய்? நகரத்தின் நடுவிலுள்ள பதிவகத்தில் நாட்டிலுள்ள எல்லா விவாகரத்துக்கும் அட்டவணை இருக்கிறது. பெயரையும் வருஷத்தையும் கொடுத்தால் தேடிச் சொல்வார்கள் என்றாள்.

நான் நீதவானைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணை, இது உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம், தெரியும்."

"பிறகேன் என்னை இப்பிடி நாயா அலைய விட்டனீங்கள்?"

"தங்கச்சி, அங்கை ஒரு தமிழ்ப் பிள்ளை வேலை செய்யுது. போனால் உம்மடை மானம் கப்பலேறிடும்."

"அந்தக் கப்பல் எப்பவோ கனடாவுக்குப் போய்ச் சேந்திட்டுது. நடவுங்கோ!"

பதிவகத்துக்குள் அவர் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து வந்தார். என்னைவிட ஒரு முழம் உயரமான மனிதர். அங்கே உண்மையாகவே ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். என்னை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலால் பார்த்துச் சிரித்தாள்.

"வாங்கோ மாமா. என்ன, இந்த வருஷம் வேளைக்கே வந்திட்டியள்? உங்கடை பேரையும் பாக்கட்டோ?"

நீதவானின் முகம் செத்துப்போனது. "இப்ப வேண்டாம் பிள்ளை. இவவின்ரை அலுவலைப் பாரும்" என்றார்.

என் விவாகரத்து அட்டவணையில் இருந்தது. கோர்ட்டின் பெயரும் இலக்கமும் கிடைத்தன. வெளியே வந்ததும் அவராகவே சொன்னார். மனைவி பல வருஷத்துக்கு முன் ஒரு சூட்கேசோடு போய்விட்டாளாம். இவர் அறை மாறி மாறி இருந்தவர். கோர்ட் கடதாசி அனுப்பினாலும் கைக்கு வந்திராது. அதனால் தன்னை விவாகரத்துச் செய்துவிட்டாளா என்று வருஷா வருஷம் வந்து தேடுகிறாராம். எனக்கு அந்தக் கடதாசி இருந்தாக வேண்டும். அவருக்கு அது இருக்கக் கூடாது. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போனோம்.

அடுத்த கிழமை என் கடதாசியை எடுக்கப் போனோம். ரயிலில் வெகுதூரம். ஜன்னலுக்கு வெளியே ஆடு மேய்ந்தது. தமிழரே இல்லாத ஊர் என்று முந்தினவன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான் என்று நினைத்தேன். கோர்ட்டின் காத்திருக்கும் கூடத்துக்குள் போனதும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சுவரோரமாக ஆங்கிலப் பத்திரிகைகள் விரிந்து நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் கறுத்த விரல்கள், மோதிரங்கள், சேலைக் கரைகள். எல்லாத் தமிழரும் அதே ஊரைத்தான் தேடிப் பிடித்திருக்கிறார்கள்.

நீதவான் நடுக்கூடத்தில் போய் நின்றார்.

"எல்லாரும் ஒரே இடத்திலை வந்து ஒளிச்சால் அது ஒளிப்போடா? பேப்பரை மடியுங்கோ! பசிக்கிறவை ஆரும் இருக்கினமோ? என்னட்டை வடை கிடக்கு!"

ஒரு பத்திரிகை மெல்ல இறங்கியது. பின்னால் ரெய்னர்ஸ் லேன் தமக்கை!

"நான் ஒரு சிநேகிதிக்குத் துணையா வந்தனான்" என்றாள். அவளுக்குப் பக்கத்துக் கதிரைகள் இரண்டும் வெறுமையாக இருந்தன.

"நல்லது மச்சாள். நீங்கள் கேட்ட கடதாசி எடுக்கத்தான் நானும் வந்தனான்" என்றேன். கவுண்டரில் வாங்கிவந்த சீல் குத்திய கடதாசியை அவளிடம் நீட்டியபோது, அவள் அதை வாசிக்கவும் இல்லை. நீதவான் நீட்டிய வடையை மட்டும் வாங்கிக்கொண்டாள். அந்த மாதமே என் கலியாணம் பதிவானது. சாட்சிக் கையெழுத்து நீதவான் போட்டார். பதிவாளரையும் "மை லோர்ட்" என்றுதான் கூப்பிட்டார்.

அதன் பிறகு வருஷா வருஷம் அவருடைய தேடலுக்கு நான் துணை போனேன். அவருக்கு நெஞ்சுவலி வந்த பிறகு உள்ளே வரமாட்டார். "நீர் போய்ப் பாத்திட்டு வாரும் தங்கச்சி" என்று வாசல் படியில் இருப்பார். நான் வெளியே வந்து இல்லை என்று தலையை ஆட்டினால், தேத்தண்ணி வாங்கித் தந்து, வேலி வழக்கை முதலில் இருந்து சொல்லி என் உயிரை எடுப்பார்.

நாங்கள் கடைசியாகப் போன வருஷம் அந்தத் தமிழ்ப் பெண் அட்டவணையைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். விரலை அவர் பெயர் இருந்த வரியில் வைத்தாள்.

வெளியே வந்தேன். நல்ல குளிர். படியில் டையைச் சரிசெய்துகொண்டு இருந்தார்.

"என்ன தங்கச்சி, கிடக்கோ?"

"ஒண்டும் இல்லை அண்ணை. எழும்புங்கோ, தேத்தண்ணி குடிப்பம். அந்த வேலியைத் தமையன் எந்தப் பக்கத்தாலை தள்ளினவர் எண்டு சொன்னனீங்கள்?"