ஃபிரேமின் கிராபிக்ஸ் கார்டு

காவிரித் தண்ணீர் புது ஆற்றுக்கு வந்து சேரும் நாளில் தஞ்சாவூர்க்காரர்கள் பாலத்தில் நின்று கும்பிடுவார்கள், பூப் போடுவார்கள், செல்பி எடுத்துக்கொள்வார்கள். பொங்கி வரும் அந்தத் தண்ணீரைப் பார்த்து, "வெளிச்சம் நல்லா விழுது, அலைதான் கொஞ்சம் திக்குது" என்று குறை சொன்ன மனிதன் இந்த டெல்டாவிலேயே ஒருவன்தான். அவன் பெயர் ஃபிரேம்.

அம்மா அப்பா வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒரு நொடிக்குள் எத்தனையோ படங்கள் அடுத்தடுத்து வந்து போகும். ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். எண்ணிக்கை குறைந்தால் திரையில் ஓடுகிற கார் திக்கித் திக்கி ஓடும். நம்மவனுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே கவலை அதுதான். விவரம் தெரியாத வீட்டுக்கார அம்மா அவனுக்கு போட்டோ ஃபிரேம் கடை இருக்கிறது என்று நினைத்து, கண்ணாடி உடைந்த முருகன் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். மறுக்கத் தெரியாமல் வாங்கிக்கொண்டு போய், கீழவீதியில் ஒரு கடையில் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான்.

மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கம் ஒரு மாடி அறையில் நானும் அவனும் சேர்ந்து குடியிருந்தோம். நான் தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவன் ஒரு விதைக் கம்பெனியில் கணக்கு எழுதினான். ஊர் குடவாசல் பக்கம். அப்பா குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் வைக்கிறவர்.

ஃபிரேமுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. உட்கார்ந்தால் கால் ஆடும். கால் ஆடினால் மேசை ஆடும். மேசை ஆடினால் திரை ஆடும். திரை ஆடினால், "கார்டு சரியில்ல வாத்தியாரே" என்பான். கார்டு என்றால் கிராபிக்ஸ் கார்டு. திரைக்குப் படம் வரைந்து அனுப்புகிற பாகம்.

அவனிடம் ஒரு கார் ஓட்டும் விளையாட்டு இருந்தது. கடலோரச் சாலை, தென்னை மரம், சிவப்புக் கார். அதைத் தொடங்குவான், நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று திரையின் மூலையில் தெரியும் எண்ணை உற்றுப் பார்ப்பான், உச்சுக் கொட்டுவான், அணைத்துவிடுவான். பிறகு எழுந்து அறைக்குள் நடப்பான். அவன் நடந்து நடந்து தரையில் போட்டிருந்த பாய் நைந்துபோனது.

கடைசியில் பெரிய கார்டு ஒன்று வாங்கினான். பெட்டியைப் பிரித்ததும் நான் பயந்துவிட்டேன். செங்கல்லை விட நீளம், மூன்று விசிறி. கம்ப்யூட்டருக்குள் வைத்தால் பாதிதான் போனது. சாதாரண மனிதன் திருப்பி அனுப்பியிருப்பான். இவன் கம்ப்யூட்டர் பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு, நெல் அறுவடை மெஷினுக்கு வெல்டிங் வைக்கிற பட்டறைக்குப் போனான். எந்த மெஷினின் பாகம் இது என்று பட்டறைக்காரர் கேட்டாராம். கேட்டுவிட்டு, குறுக்கே இருந்த தகட்டை அறுத்தும் கொடுத்தாராம்.

கார்டு உள்ளே போனது. திரை கறுப்பாகவே இருந்தது. கம்ப்யூட்டருக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். இதற்குப் போதாதாம். இன்னும் பெரியதற்கு ஆர்டர் போட்டான். அதற்குள் கம்ப்யூட்டரின் மூளையான புராசசர் பழசு, அது கார்டைப் பின்னால் இழுக்கும் என்று தோன்ற, அதையும் மாற்றினான். புராசசர் மாறியதால் போர்டு மாறியது. போர்டு மாறியதால் மெமரி மாறியது. பழைய கம்ப்யூட்டரில் மிஞ்சியவை அறுபட்ட பெட்டியும் ஒரு மவுசும்தான்.

இந்த நேரம் பார்த்துப் பெண் வீட்டார் வருவதாகச் செய்தி வந்தது. பட்டுக்கோட்டையில் தேங்காய் வியாபாரம் செய்கிற குடும்பம். பெண் தேன்மொழி தஞ்சாவூரிலேயே ஒரு லேப்பில் வேலை பார்த்தாள். மாப்பிள்ளை எப்படி இருக்கிறார், எங்கே இருக்கிறார் என்று தானே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டாளாம். இதற்கு முன் வந்த இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. ஃபிரேமின் அம்மா எனக்குப் போன் செய்து, அந்தப் பெட்டியைத் தூக்கிப் பரணில் போடும்படி கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை எஸ்.எம்.பி.எஸ். கூரியரில் வந்தது.

நான் பால் வாங்கப் போய்த் திரும்புவதற்குள் பெட்டி பரணிலிருந்து இறங்கி அறை நடுவே பிரிந்து கிடந்தது. தரை முழுக்க ஸ்க்ரூ. பின்னாலேயே தேன்மொழியும் அவள் அப்பாவும் படியேறி வந்துவிட்டார்கள். அப்பா முதல் அடியிலேயே ஒரு ஸ்க்ரூவை மிதித்தார். மாப்பிள்ளை ரிப்பேர் கடை வைத்திருக்கிறாரா என்று என்னைக் கேட்டார். நான் காபி போடப் போய்விட்டேன்.

ஃபிரேம் வந்தவர்களை உட்காரச் சொல்லவில்லை. எதற்கு வந்திருக்கிறார்கள் என்பதே மறந்துபோய், கார்டைப் பற்றி அவர்களுக்கு விளக்கிக்கொண்டே கடைசி ஸ்க்ரூவை முடுக்கி, சுவிட்சைப் போட்டான். விசிறிகள் சுற்றின. திரையில் கடல் வந்தது. அலை வந்து கரையில் உடைந்து திரும்பியது. எங்கேயும் ஒரு திக்கல் இல்லை. தென்னங்கீற்று ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடியது. தேங்காய் வியாபாரி தன்னையறியாமல் முன்னால் நகர்ந்து, நல்ல காய்ப்பு என்றார்.

ஃபிரேமின் கால் ஆடவில்லை. அப்படி அவனை நான் பார்த்ததே இல்லை. குறை சொல்ல ஒன்றும் இல்லாமல் திருதிருவென்று முழித்தான்.

தேன்மொழிதான் முதலில் பேசினாள். "நல்லா ஓடுதுல்ல. விளையாடுங்க, பாப்போம்."

"விளையாடணுமா?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. இத்தனை காலத்தில் அவன் ஒரு நாளும் விளையாடியதே இல்லை. எந்தப் பொத்தானை அழுத்தினால் கார் திரும்பும் என்பது தெரியாது. கிளம்பிய வேகத்தில் சிவப்புக் கார் நேராகக் கடலுக்குள் போனது. தேன்மொழி, நகருங்க என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கல்லூரி விடுதியில் பழகியவளாம். மலை, பாலம், திருப்பம் என்று கார் பறந்தது. பக்கத்தில் நின்று ஃபிரேம் மூலையில் இருந்த எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். காபி ஆறிப்போனது.

இறங்கும்போது படியில் அவள் அப்பா என் தோளைத் தொட்டார். "தம்பி எப்பவும் இப்படித்தானா?"

பொய் சொல்ல வரவில்லை. "ஆமாங்க. வேற கெட்ட பழக்கம் எதுவும் இல்லீங்க."

"இதுவே போதுங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் நான் அங்கேயே நின்றேன்.

ஒரு வாரம் பதில் இல்லை. குடவாசலிலிருந்து அம்மா போனில் அழுதார். ஃபிரேம் சாப்பிடாமல் நடந்தான். பிறகு ஒரு நாள் கார்டைக் கழற்றி, வந்த அட்டைப் பெட்டியிலேயே வைத்து ஒட்டினான். யாருக்காவது கொடுத்துவிடப் போவதாகச் சொன்னான்.

மறுநாள் மாலை அவன் போன் அடித்தது. எடுத்துக் கேட்டவன் அசையாமல் நின்றான். ஸ்பீக்கரில் போடாமலே தேன்மொழியின் குரல் எனக்குக் கேட்டது. "அந்த ரோடு இன்னும் முடியல. அதுக்குள்ள எதையாவது மாத்திடாதீங்க. அப்பா உங்க வீட்டுக்குப் பேசுறேன்னிருக்காரு."

போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே மறு கையால் அட்டைப் பெட்டியைப் பிரிக்க ஆரம்பித்தான்.

கல்யாணம் முடிந்து இப்போது அவர்கள் பட்டுக்கோட்டையில் இருக்கிறார்கள். அவள் ஓட்டுகிறாள், அவன் எண்ணைப் பார்க்கிறான். எனக்கு வாரம் ஒரு முறை போன் செய்து, என் லேப்டாப் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பான். புதுசு, ஒரு குறையும் கிடையாது. இருந்தாலும், "கொஞ்சம் திக்குது, ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போயேன்" என்பேன். சனிக்கிழமை முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவான்.