நான் நிமிர்த்திய வால்

மதிப்பிற்குரிய மாமாவுக்கு உங்கள் அக்கா மகள் வணங்கி எழுதுவது. அங்கே அத்தையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே என் சுகத்தைப் பற்றி வெள்ளிக்கிழமைக்குப் பிறகுதான் சொல்ல முடியும். அன்றைக்குத்தான் எங்கள் அருங்காட்சியகத்துக் காப்பாட்சியர் மேடம் வெளியூரிலிருந்து திரும்புகிறார். இந்தக் கடிதத்தை அம்மாவிடம் காட்ட வேண்டாம்.

இங்கே இரண்டாவது கூடத்துச் சுவரில் ஒரு இக்தியோசாரஸ் இருக்கிறது. டைனோசர் காலத்தில் கடலில் நீந்திய ஊர்வன. நீண்ட மூக்கு, சாப்பாட்டுத் தட்டு மாதிரி கண்குழி, துடுப்பாகிப்போன கைகால். எலும்புகளை ஒரு இரும்புக் கம்பியில் வரிசையாகக் கொக்கி போட்டு மாட்டியிருக்கிறார்கள். கிளம்பும்போது மேடம், "தூசி மட்டும் தட்டிடும்மா" என்றார். அந்த 'மட்டும்' என் மண்டையில் ஏறவில்லை மாமா.

தலையில் தொடங்கி வாலுக்கு வந்தேன். நேராக வந்த முதுகெலும்பு, நுனிக்கு ஒரு முழம் இருக்கும்போது சட்டென்று கீழே மடங்கியிருந்தது. யாரோ ஏணியைச் சாத்தி வளைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஆனால் நான் பஸ்ஸை நிறுத்தச் சொல்லவே வாய் வராமல், அடுத்த ஆள் இறங்கும் இடத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிறவள். பட்டறையில் நீங்கள் செய்வதைப் பார்த்திருக்கிறேனே, அதேபோல எலும்புகளைக் கழற்றி எண் போட்டு வைத்துவிட்டுக் கம்பியைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினேன். வளைவில் எலும்புகளுக்கு நடுவே அப்பியிருந்த பிளாஸ்டரையும் சுரண்டி எடுத்தேன். வாட்ச்மேன் அண்ணன் எட்டிப் பார்த்து, "என்னம்மா, மீனுக்கு மாவுக்கட்டு பிரிக்கிறியா?" என்றார். "மீன் இல்லண்ணே, ஊர்வன." "காலே காணோம், எங்கேருந்து ஊரும்? சரி, படிச்ச புள்ள நீ சொன்னா சரிதான்." திரும்ப மாட்டியபோது எலும்புகள் கேரம் காய்களை அடுக்கினாற்போல ஒன்றோடொன்று பொருந்தி உட்கார்ந்தன. எனக்கு ஒரே பெருமை. வீட்டுக்கு வந்து, தேர்வுக்கு வராது என்று கல்லூரியில் தள்ளிவிட்ட பாடத்தைச் சும்மா புரட்டினேன். இக்தியோசாரஸ் பேரினத்தின் அடையாளமே, முதுகெலும்பின் நுனி வால்துடுப்பின் கீழ்ப்பாதிக்குள் வளைந்து இறங்குவதுதானாம்!

கோடி கோடி வருஷமா வளைஞ்சு கெடந்தத ஒரே மத்தியானத்துல நிமித்திட்டேன் மாமா. யாராவது செருமினாலே மேடம்னு தூணுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கறேன். அவங்க கையெழுத்துப் போட்டாத்தான் வேலை நிரந்தரம். நம்ம குடும்பத்தோட மொத டிகிரின்னு அம்மா அதைச் சட்டம் போட்டு வாசல் பார்க்க மாட்டியிருக்கா. திரும்ப வளைச்சுப் பாத்தேன், கம்பியில கீறல் விழுது. நீங்கள் தயவுசெய்து வியாழக்கிழமைக்குள் வெல்டிங் சாமான்களோடு வரவும். வளைவின் அளவை அட்டையில் வெட்டி வைத்திருக்கிறேன்.

அத்தைக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம். அம்மாவிடம் நான் நிம்மதியாகத் தூங்குவதாகச் சொல்லவும்.

வியாழக்கிழமையை எதிர்பார்த்து,
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மேடம் முன்கூட்டியே வந்துவிட்டார். வாலுக்கு எதிரே நின்றார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். "யாரு இதை நிமித்தினது?" வாட்ச்மேன் அண்ணனின் விரல் தூணைக் காட்டியது. மேடம் எலும்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். "வளையிற வாலுன்னா, வளைவுல இருக்கிற எலும்பு ஆப்பு மாதிரி ஒரு பக்கம் ஒல்லியா இருக்கணும். இதுல ஒண்ணுகூட அப்படி இல்லையேம்மா! பதினாறு வருஷமா பிளாஸ்டர அப்பி நான்தான் வளைச்சு வச்சிருக்கேன். இது இக்தியோசாரஸே இல்ல. அதுக்கும் முந்தின, வால் வளையாத வேற பேரினம்." அங்கேயே கையெழுத்தும் போட்டுவிட்டார். ஆனால் மாமா, அடுத்த மாதம் மாநாட்டில் இருநூறு பேருக்கு முன்னால் மேடையேறி இதை நான்தான் விளக்க வேண்டுமாம். ஆகவே வியாழக்கிழமை கட்டாயம் வரவும். இனி யாராலும் நிமிர்த்த முடியாதபடி வளைச்சு விட்டுடுங்க.