ஏமாந்த சகலைக்குத்தான் மரியாதை

அன்பும் மரியாதையும் கொண்ட மூத்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் பெரிய மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உங்கள் முழங்கால் வலியும் அக்காவின் ரத்த அழுத்தமும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். என் நலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மூன்று வாரமாக வயிறு எரிகிறது. டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு அல்சர் இல்லை என்றார். எனக்குத் தெரியாதா? இது உங்கள் சின்ன மாப்பிள்ளை, அதாவது என் சகலை.

விஷயம் உங்களுக்கும் வந்திருக்கும். பாதி விலைக்கு ஷூ என்று ஏதோ ஒரு வெப்சைட்டில் பார்த்து, கிரெடிட் கார்டு நம்பரை அதில் தட்டியிருக்கிறார். எவனோ அதை வைத்து அவருடைய ஒரு மாசச் சம்பளத்தைச் சுருட்டிவிட்டான். சரி, பாவம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் நடக்கிற கூத்தைப் பாருங்கள். உங்கள் தங்கைகள் இரண்டு பேரும் "ஐயோ, வெள்ளை மனசு, அதான் ஏமாத்திட்டாங்க" என்று உருகுகிறார்கள். அப்படியென்றால் ஏமாறாத என் மனசு என்ன கலராம்? போதாக்குறைக்குக் குடியிருப்புச் சங்கத்தில் அவரைக் கூப்பிட்டு, கார்டு மோசடியிலிருந்து தப்பிப்பது எப்படி என்று பேச வைத்தார்கள். தப்பிக்காதவரைக் கூப்பிட்டு! கையில் மைக் வேறு. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள், கடைக்காரர் கார்டை உள்ளே எடுத்துப் போக விடாதீர்கள், மாசாமாசம் ஸ்டேட்மென்ட்டை வரிவரியாகப் பாருங்கள், பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று எவர் நம்பர் கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள் என்று அடுக்கினார். அத்தனையும் பதினோரு வருஷமாகச் சாப்பாட்டு மேஜையில் நான் தொண்டை கிழியக் கத்தியது மச்சான்! ஒருத்தராவது கைதட்டினார்களா? உங்கள் தங்கை என் விலாவில் இடித்து, "எவ்வளவு தெளிவா சொல்றார் பாருங்க" என்றாள்.

நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரியும். கார்டின் பின்னாலிருக்கிற மூன்று எண்களைப் பிளேடால் சுரண்டிவிட்டு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறவன். ஏடிஎம்மில் பொத்தான் அமுக்கும்போது கைமேல் தொப்பியைக் கவிழ்த்துக்கொள்கிறவன். ஒரு ஹோட்டலில் சர்வர் என் கார்டோடு உள்ளே போனான் என்று பின்னாலேயே போய், சமையல்கட்டு வரைக்கும் நின்றுவிட்டு வந்தேன். பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். இப்படி இருக்கிற எனக்கு என்ன கிடைத்தது தெரியுமா?

போன செவ்வாய்க்கிழமை கிடங்கில் சரக்கு எண்ணிக்கொண்டிருந்தேன். போனில் ஒரு மெசேஜ். என் கார்டு கணக்கில் யாரோ ஜன்னல் திரைச்சீலை வாங்கியிருக்கிறார்கள். மாட்டினான்டா திருடன் என்று, எண்ணியதை அப்படியே விட்டுவிட்டு பேங்குக்குப் போன் போட்டுக் கார்டுக் கணக்கையே முடக்கச் சொல்லிவிட்டேன். அதே கணக்கில் உங்கள் தங்கைக்கும் ஒரு கார்டு வாங்கிக் கொடுத்தவன் நான்தான் என்பது அந்த நேரத்தில் மண்டையில் உறைக்கவே இல்லை. அவள் திரைச்சீலை வாங்கிய கையோடு மளிகைக்கடையில் தள்ளுவண்டி நிறைய சாமான் எடுத்துக்கொண்டு பில் போட நின்றிருக்கிறாள். பின்னால் பத்துப் பேர் வரிசை. "இந்தக் கார்டு செல்லாதும்மா, வேற இருக்கா?" என்று பில் போடுகிற பெண் சத்தமாகக் கேட்க, மேனேஜர் வேறு வந்து பார்க்க, இவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் போன் செய்திருக்கிறாள். நானோ பேங்க்காரரிடம் திருடனைப் பிடிப்பது எப்படி என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன், லைன் கிடைக்கவில்லை. அப்புறம் யார் ஓடி வந்தது? என் சகலையேதான்! பணத்தைக் கட்டி, பைகளைத் தூக்கி, மூன்று மாடி ஏறி வைத்துவிட்டும் போயிருக்கிறார் அந்தப் புண்ணியவான்.

ஆறு நாளாக உங்கள் தங்கை என்னோடு பேசவில்லை மச்சான். சோறு வருகிறது, குழம்பு வருகிறது, பேச்சு வரவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். எனக்குத் தாங்கவில்லை. பெரியவராக நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இந்த வீட்டில் ஒருதரம்கூட ஏமாறாத மாப்பிள்ளை நான் ஒருத்தன்தான் என்பதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லோரும் குறைவில்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
எவனிடமும் ஏமாறாத
உங்கள் பெரிய மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போது பேங்கிலிருந்து ஒரு அம்மா பேசினார். "பதினோரு வருஷமா ஒரு சின்னத் தப்புகூட இல்ல சார், எங்க கஸ்டமர்லயே நீங்கதான் ரொம்ப ஜாக்கிரதையானவர்" என்றார். மச்சான், இதை ஒரு மனுஷர் வாயால் கேட்பது இதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது. பரிசு அனுப்ப, முடக்கியதற்குப் பதிலாக வந்த புதுக் கார்டின் நம்பரைக் கேட்டார், சொன்னேன். ஓடிபி கேட்டார், அதையும் சொன்னேன். நன்றி சொன்னதுகூட நான்தான். அடுத்த நிமிஷம் மெசேஜ் மேல் மெசேஜ். உங்கள் தங்கைதான் ஓடி வந்து, போனைப் பிடுங்கி, பேங்குக்குப் பேசி கார்டை நிறுத்தினாள். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவி, "போனா போகட்டும், நீங்க மொதல்ல தண்ணி குடிங்க" என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். எனவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு, நான் ஏமாந்ததைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரிவிக்கவும். சின்ன மாப்பிள்ளைக்குப் போனது ஒரு மாசச் சம்பளம்தான், எனக்கு ஒன்றரை மாசம். அதை மறக்காமல் சேர்த்துச் சொல்லவும்.