பூஜையில் வைத்த மாப்பு

பீர்மேடு

பாசமுள்ள சின்னமுத்து அண்ணனுக்குத் தங்கச்சி மாரீஸ்வரி எழுதுவது. இங்கே நானும் பிள்ளைகளும் சுகம். குமுளியில் நீங்களும் மதினியும் நன்றாகத்தான் இருப்பீர்கள், நேற்று போனில் என்னைத் திட்டிய குரலில் நல்ல தெம்பு இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது, முழுக்கப் படியுங்கள். ஹெட்மாஸ்டர் ஸ்ரீஜித் சாரிடம் நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். வேலை போனால் போகட்டும்.

துர்காஷ்டமி சாயங்காலம் பள்ளிக்கூட ஹாலில் அவரவர் தொழில் ஆயுதத்தைப் பூஜைக்கு வைத்தோம். சார் தன் பேனாவை வைத்தார், கிருஷ்ணப்ரியா டீச்சர் லேப்டாப்பை வைத்தார், சமையல் செய்யும் சிசிலி அக்கா மாதா கோவிலுக்குப் போகிறவள், அவளே கரண்டியைத் தேய்த்துக் கொண்டுவந்து வைத்தாள். நானும் தரை துடைக்கிற மாப்பைச் சோப்புப் போட்டு அலசி, கம்புக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்தேன். விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை வைத்ததை யாரும் தொடக்கூடாது, உங்களுக்குத் தெரியாததா? எந்தப் புண்ணியவான் கதவைச் சாத்த மறந்தானோ, ராத்திரி மழைக்கு ஒதுங்கிய ஆடுகள் ஹாலில் படுத்து எழுந்து போயிருக்கின்றன. வெள்ளை டைல்ஸ் அண்ணே, ஒரு புழுக்கைகூட ஒளிய இடமில்லை. விடிந்தால் விஜயதசமி, சின்னப் பிள்ளைகள் அந்தத் தரையில் உட்கார்ந்து அரிசியில் முதல் எழுத்து எழுத வேண்டும். நவமி காலையில் சார் போன் போட்டார், ஓடினேன்.

“மாரீஸ்வரி, வேகம் மாப்பு எடுத்துத் தொடைக்கணும்.”

“அது பூஜையில இருக்கு சார்.”

“மாப்பு ஒரு ஆயுதமா?” என்று சிரித்துக்கொண்டே, செத்த எலியைத் தூக்குகிற மாதிரி இரண்டு விரலை நீட்டினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“தொடாதீக சார்! மொதல்ல உங்க பேனாவ எடுத்து, நாளைக்கு வர்ற பிள்ளைக பேர எழுதுங்க. அப்புறம் நான் மாப்ப எடுக்கேன்.”

சார் பேனாவைப் பார்த்தார். சரஸ்வதியைப் பார்த்தார். நீட்டிய கை தானாக மடங்கியது.

“உனக்கு ஜோலி வேண்டாமா?”

“வேணும் சார். மாப்புக்கு மரியாதையும் வேணும்.”

அப்புறம் அவரே வேட்டியை மடித்துக் கட்டி, சாக்கை நனைத்து, முழங்கால் போட்டுத் துடைத்தார். வாசலில் ஆரம்பித்தவர் உள்மூலையில் போய் முடித்து, ஈரத்தில் கால் வைக்க மனசில்லாமல் காயும்வரை அங்கேயே நின்றார். நான் வராந்தாவில் உட்கார்ந்து பார்த்தேன். ஆமாம், சிரித்தேன். அதற்குத்தான் அவர் உங்களுக்குப் போன் போட்டு, தங்கச்சிக்குத் திமிர் என்றார். பேனா சாமியாம், பேனா பிடிக்கிற பிள்ளை உட்கார இடம் துடைக்கிறது மட்டும் குப்பையாம்! இதற்கா அண்ணே நான் காலில் விழ வேண்டும்?

மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். மாரியாத்தா உங்களுக்கு நீண்ட ஆயுளும், தங்கச்சி பக்கம் பேசுகிற புத்தியும் கொடுக்கட்டும்.

உங்கள்
மாரீஸ்வரி

பி.கு.: பூஜையில் இருந்தது புது மாப்பு. பழைய மாப்பு கழிப்பறைக் கதவுக்குப் பின்னால்தான் நின்றது, அதற்கு நான் பொட்டு வைக்கவில்லை. சார் பாதித் தரை துடைத்தபோதே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது, சொல்லத்தான் மனசு வரவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த வருஷம் இரண்டையும் பூஜையில் வைத்துவிடுகிறேன்.