நடைக்காரர் கேட்ட கேள்வி

சேலம் ஜில்லாவிலேயே ஒழுங்காக நடக்கத் தெரிந்தவர் அந்தக் காலத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவருக்கு இடது கால் சரியில்லை.

புதுச்சத்திரத்துக்காரர். பெயர் என்று ஒன்று இருந்திருக்கும், நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் நடைக்காரர். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், வண்டி கவிழ்ந்து எட்டு மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். எழுந்தபோது நடையே மறந்துபோயிருந்ததாம். வராந்தாவில் போகிறவர் வருகிறவரைப் பார்த்து நர்ஸ் நடை, டாக்டர் நடை, சாப்பாடு கொண்டு வருகிறவர் நடை என்று ஒவ்வொன்றாக நடந்து பழகியிருக்கிறார். ஒருநாள், பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தன் தம்பியின் நடையையும் நடந்து பார்த்தார்.

“அவன் எப்பவும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே நடப்பானுங்க. திருட்டு முழின்னு நெனச்சிருந்தேன். நடந்து பாத்தப்பறந்தான் தெரிஞ்சுது, சின்ன வயசுல அவன அடிக்கப் பின்னாடியே தொரத்துனது நாந்தானுங்களே!”

அதிலிருந்து பிறந்ததுதான் அவருடைய முகாம். எண்பதுகளின் தொடக்கம் அது. கோடையில் பனமரத்துப்பட்டி ஏரி வற்றியதும் அந்த வெடித்த மண்ணில் மூன்று நாள் நடக்கும். ஆளுக்கு ஒரு படி அரிசியும் ஒரு துண்டும் கொண்டுவர வேண்டும். காலையில் உடம்பைக் குலுக்கி, வளைத்து, மூச்சு வாங்க ஓடவைப்பார். அப்புறம் ஒரே பாடம்: யார்மேல் கோபமோ, அவர் நடையை நடக்க வேண்டும். அடுத்தவர் உடம்புக்குள் புகுந்து பார்த்தால் நம் மனசுக்குள் இருப்பது வெளியே வந்துவிடும் என்பது அவர் கட்சி.

அஸ்தம்பட்டியில் நான் குமாஸ்தாவாக இருந்த ஆபீசின் சூப்பிரண்டு ஒரு கோடையில் அங்கே போய்வந்து, எங்கள்மேல் ஃபைலைத் தூக்கி எறிவதை நிறுத்திவிட்டார். எங்களுக்குப் பயமாகப் போய்விட்டது. அடுத்த கோடையில் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

நாற்பது பேர் ஏரிக்குள் மேலதிகாரியாகவும் பங்காளியாகவும் பக்கத்து வீட்டுக்காரராகவும் நடந்துகொண்டிருந்தார்கள். எருமை மேய்க்க வந்த அம்மாள் கரையில் நின்று கேட்டார்: “ஏனுங்க, இத்தன பேருக்கும் ஒண்ணா என்னங்க வந்துது? ஆஸ்பத்திரிக்குச் சொல்லி உடட்டுங்களா?”

சூப்பிரண்டுக்கு மீசை பெரிது. துண்டை முந்தானையாகச் செருகிக்கொண்டு தன் மாமியாராக நடந்தார். முதல் சுற்றில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மூன்றாவது சுற்றில் மனுஷர் பொத்தென்று உட்கார்ந்து அழுதார். “அந்தம்மாவுக்கு முட்டி வலிப்பா. ஒவ்வொரு அடியும் வலிக்குது. நான் வந்தா எந்திரிக்கிறதில்ல, திமிருன்னு நெனச்சுப் பன்னெண்டு வருஷம் பேசாம இருந்துட்டேன்.”

என் முறை வந்தது.

“நீங்க யாரு நடைங்க சாமி?”

“எனக்கு யார்மேலயும் கோவம் இல்லைங்க.”

அண்டப்புளுகு. யார்மேல் என்பது இங்கே வேண்டாம். எங்கள் வீட்டிலும் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள். சூப்பிரண்டைப்போல் நாற்பது பேர் எதிரில் அழுதுவிடுவேனோ என்று பயம். நடைக்காரர் சந்தேகமே படவில்லை. “குடுத்து வெச்சவருங்க நீங்க! அப்படி நெழல்ல உக்காந்துக்குங்க” என்றார்.

அங்கே இருந்ததே ஒரு வேலமரம்தான். மூன்று நாளும் அதனடியில் உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் அழுதார்கள், சிரித்தார்கள், கட்டிக்கொண்டார்கள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. வேறு வேலை இல்லாததால் நடைக்காரரின் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது காலில் ஒரு இழுப்பு, இடுப்பில் ஒரு வெட்டு, தோள் துண்டைச் சரிசெய்து மறுபடி ஒரு இழுப்பு.

திரும்பி வந்து ஆபீசில் அதை நடித்துக் காட்டினேன். பிரமாதமான வரவேற்பு. டீ வேளையில் பக்கத்து ஆபீசிலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள். நான் சும்மா இருப்பேனா? நாளுக்கு நாள் இழுப்பைக் கூட்டிக்கொண்டே போனேன்.

சூப்பிரண்டு லீவில் இருந்த ஒருநாள், மேஜைகளுக்கு நடுவே அப்படி நடந்துகொண்டிருந்தபோது சிரிப்புச் சத்தம் சட்டென்று நின்றது. திரும்பிப் பார்த்தால் வாசலில் நடைக்காரர். கையில் மஞ்சள் பை நிறைய எங்களுக்காக அவித்த நிலக்கடலை.

அந்த மனுஷருக்குக் கேலி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாது. முகமெல்லாம் பூரித்து அருகில் வந்தார். “நடக்க ஆரம்பிச்சுட்டீங்களா சாமி! நல்லா வருதுங்க. கால இன்னுங் கொஞ்சம் இழுக்கோணும்.” பிறகுதான் அவர் முகம் மெல்ல மாறியது. அவர் பாடத்தில் நாம் நடப்பது, நமக்குக் கோபம் உள்ளவரின் நடையை அல்லவா?

“ஏனுங்க, எம்மேல என்னங்க கோவம்? சொல்லுங்க, திருத்திக்கறேன்.”

கேலிதான் என்று சொல்ல வாய் வரவில்லை. கோபம் என்று சொல்லவும் வரவில்லை. ஆனால் இருந்தது. என் பொய்யை அப்படியே நம்பி, என்னை மட்டும் ஓரமாக உட்காரவைத்துவிட்டாரே என்ற கோபம். ஒரு ஃபைலைப் பிரித்து வைத்துக்கொண்டேன். அது தலைகீழாக இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். அவர் பையை மேஜைமேல் வைத்து, “போயிட்டு வாரேனுங்க” என்று கிளம்பினார்.

அடுத்த கோடையிலும் ஏரி வற்றியது. முகாம் நடக்கவில்லை. சூப்பிரண்டு புதுச்சத்திரம் போய்க் கேட்டு வந்தார். “‘ஒருத்தரு மனசுல கோவத்த உண்டாக்கிப்போட்டேன், அது என்னன்னு வெளங்கற வரைக்கும் நான் யாருக்குஞ் சொல்லித்தர்றது நாயமில்லீங்க’ன்னுட்டாருப்பா. யாருன்னு எவ்வளவு கேட்டும் சொல்லல.”

எனக்குத் தெரியும். ஒரு பஸ் ஏறி இறங்கினால் முடிந்திருக்கும். பிறகு நாமக்கல்லுக்கு மாற்றலாகி, தினமும் சேலத்திலிருந்து பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் புதுச்சத்திரத்தைத் தாண்டினேன். நாளைக்கு இறங்கலாம் என்று ஆறு வருஷம் தாண்டினேன். ஒருநாள் பூமாலையும் மேளமுமாகச் சாலையைக் கடந்த சாவு ஊர்வலத்துக்காக அங்கே பஸ் நின்றது. ஜன்னல் வழியே யார் என்று கேட்டேன்.

“நம்ம நடைக்காரருங்க.”

அன்றைக்கும் நான் இறங்கவில்லை.

இப்போது எனக்கும் இடது முட்டி தேய்ந்துவிட்டது. டாக்டர் சொன்னாரென்று காலையில் ஏற்காடு ரோட்டில் நடக்கிறேன். இழுப்பு, வெட்டு, மறுபடி இழுப்பு. அச்சு அசல் அவர் நடை. ஆபீசில் அத்தனை நாள் நடித்தபோது தெரியாத ஒன்று இப்போது தெரிகிறது. ஒவ்வொரு அடியும் வலிக்கிறது. இந்த வலியோடுதான் அந்த வெயிலில் மூன்று நாளும் எங்கள் முன்னால் அவர் நடந்திருக்கிறார், இருந்த ஒரே நிழலை எனக்குக் கொடுத்துவிட்டு.

உங்கமேல எனக்குக் கோவமே இல்லீங்க.