வக்கீல் பார்க்கப் போன முகூர்த்தம்

மகா கனம் பொருந்திய அக்கா நாகம்மாள் அவர்களுக்கு, வில்லியனூர் மளிகைக்கடைத் தம்பி ஏகநாதன் வணங்கி எழுதிக்கொண்டது. கரையாம்புத்தூரில் தாங்களும் மாமாவும் கரும்பும் நலமா? போனில் சொன்னால் நடுவில் தாங்கள் பேசுவீர்கள், அதனால்தான் கடிதம்.

நம்ம பொண்ணு ஹேமலதா விவாகரத்து கேட்கிறாள். மாப்பிள்ளை கதிரவனும் சம்மதித்துவிட்டார். அவர் குடிப்பதில்லை, கை ஓங்குவதில்லை. பேசுவதும் இல்லையாம். "ஒரே வூட்ல இருந்துகினு, சாப்ட்டியான்னு வாட்சப்ல கேப்பாருப்பா" என்கிறாள். வக்கீலுக்கு நான் எங்கே போவேன்? எனக்குத் தெரிந்தவர் கல்யாணத் தரகர் உலகநாதன் ஒருவர்தான், இந்த வரனைக் கொண்டுவந்தவரும் அவர்தானே என்று அவரிடமே கேட்டேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படாமல், "பாகூர்ல ஸ்டெல்லான்னு லாயரம்மா இருக்காங்கண்ணே, நல்ல கைராசி" என்றார். காலண்டரில் நல்ல நாள் பார்த்துக் கிளம்பினோம். போனால் ஆபீஸ் பூட்டு. முகூர்த்த நாளாச்சே, வக்கீலம்மா கல்யாணத்துக்குப் போயிட்டாங்களாம். மறுபடி செவ்வாய்க்கிழமை போனோம், வெற்றிலை பாக்கு பழம் பூவோடு. பழக்கதோஷம் அக்கா, இந்த மாதிரி காரியத்துக்கு வெறுங்கையோடு போக எனக்கு வரவில்லை. தட்டைப் பார்த்துவிட்டு அந்தம்மா, "இன்னா சார், பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றார்.

கல்யாணப் பத்திரிகை, போட்டோ, ஆதார், முகவரிக்கு ஒரு சான்று வேண்டுமாம். இரண்டு பேரும் சேர்ந்து மனு போட ஒரு வருஷமாவது பிரிந்து இருந்திருக்கணும், இவள் நம்ம வீட்டுக்குத் திரும்பி வந்து பதினாலு மாசம். போட்டபிறகு ஆறு மாசம் கழித்து இன்னொரு தடவை கோர்ட்டில் சம்மதம் சொல்லணுமாம். யாராவது முரண்டு பிடித்தால் வருஷக்கணக்காகும். பீஸைக் கேட்டேன், மண்டபத்தில் ஐஸ்கிரீமுக்குக் கொடுத்ததைவிடக் குறைச்சல். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "இவ்ளோ சீப்பா முடிச்சா தாங்குமா மேடம்?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

மனசு ஆறவில்லை அக்கா. கல்யாணத்துக்கு முன்னாடி யோசிக்க நாள் கேட்டாள் பிள்ளை, மண்டபம் கிடைக்காது என்று அவசரப்படுத்தியவன் நான்தான். வெள்ளிக்கிழமை மனுவில் கையெழுத்து. அதுக்குள்ள நீ வந்து அழுதோ திட்டியோ அவளைத் திரும்பிப் போக வை. நீ சொன்னால் கேட்பாள்.

மாமாவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம், உன் மூட்டுவலிக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள தம்பி
ஏகநாதன்

பி.கு.: தபால்தலை எடுக்கக் கடைப்பக்கம் போனேன். துவரம்பருப்பில் கல் இருக்கிறது என்ற ஒரு ஆளிடம் ஹேமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எங்க கல்லு? பொறுக்கிக் காட்டு பாப்போம்" என்று சண்டை போடுகிறாள், தெருவே கேட்கிறது. பதினாலு மாசமா எது கேட்டாலும் 'உம்' என்ற பிள்ளை அக்கா. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஆளுக்குக் கால் கிலோ பருப்பு சும்மா கொடுத்தனுப்பினேன். மேலே எழுதியதைப் படிக்காதே. வெள்ளிக்கிழமை நானே அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். நீ வருவதானால் சும்மா வா. புத்தி சொல்ல ஆரம்பித்தால், இப்போது அவளிடம் நீ பேசி ஜெயிக்க முடியாது.