மௌனத் தேர்வும் உடைந்த குழாயும்

பெருமதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு, தங்கள் அருமை மைத்துனன் பணிவோடு எழுதுவது. அக்காவும் தங்கள் முழங்காலும் சுகம் என்று நம்புகிறேன்.

ஆயுள் முழுக்க பஸ்ஸில் 'உள்ளே போங்க, உள்ளே போங்க' என்று கத்தி ஓய்வுபெற்ற கண்டக்டருக்கு, மதங்களை ஒப்பிட்டுப் படிக்கும் முதுகலைப் படிப்பு எதற்கு என்று சிரித்தீர்களே, இப்போது சிரியுங்கள் பார்ப்போம். இதில் பாதி மதிப்பெண் புத்தகத்துக்கு, பாதி தியானத்துக்கு. தியானத்துக்குக் கடைசித் தேர்வு மூன்று நாள் மௌனம். எழுதலாம், பேசக் கூடாது. ஒரு வார்த்தை வெளியே வந்தாலும் பட்டம் போச்சு. இன்று மாலை மணி அடித்தால் முடிந்தது. மிச்சமிருக்கும் ஒரு மணி நேரத்தையும் இதை எழுதியே ஓட்டிவிடுவேன்.

இன்று காலை கை கழுவப் போனால் குழாய் பிய்த்துக்கொண்டு கையோடு வந்துவிட்டது. கத்தினால் பட்டம் போகும், கத்தாவிட்டால் கட்டடம் போகும். எழுதிக் காட்டலாம் என்று அந்தப் பதற்றத்தில் தோன்றவே இல்லை. தியானக் கூடத்துக்கு ஓடி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, தண்ணீர் கொட்டுவதுபோல இறக்கி, காலைத் தரையில் தட்டிக் காட்டினேன். வேறு யாராக இருந்தாலும் குழாய் உடைந்தது என்று புரிந்திருக்கும். இவர்கள் உலகத்துச் சடங்குகளையெல்லாம் கரைத்துக் குடித்தவர்கள் ஆயிற்றே. முன்வரிசை அம்மாள் எழுந்து என்னைப் போலவே கையைத் தூக்க, மொத்த வகுப்பும் எழுந்து காலைத் தட்ட ஆரம்பித்துவிட்டது. பேராசிரியர் கண் கலங்கக் கைகூப்பி நிற்கிறார். சரி, தண்ணீர் உள்ளே வந்தால் புரியும் என்று பார்த்தால், ஆளாளுக்குக் குனிந்து அள்ளித் தலையில் தெளித்துக்கொள்கிறார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அதையும் செய்தார்கள்.

கடைசியில் நானே திரும்ப ஓடி, கைக்குட்டையைத் திணித்து, பெல்ட்டைக் கழற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு வந்தால், பேராசிரியர் பலகையில் எனக்கு முழு மதிப்பெண் என்று எழுதியிருக்கிறார். வெள்ளமே வந்தும் உங்கள் மைத்துனன் வாயைத் திறக்கவில்லை. சந்தோஷம் நெஞ்சு கொள்ளவில்லை. இனிமேல் எனக்கு எழுதும்போது பட்டத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, முழங்காலுக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
முதுகலைப் பட்டதாரி மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள், ஈரத் தரையைப் பார்த்து வாட்ச்மேன் கூப்பிட்ட குழாய் ரிப்பேர்க்காரர் வந்தார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, கூடத்து வாசலில் நின்றார். "எத்தனையோ வருஷமா இந்த வேலை பாக்குறேன், இப்படி ஒரு கட்டு பாத்ததே இல்ல. சொட்டுத் தண்ணி ஒழுகல. யாருங்க அந்தக் கெட்டிக்காரரு?"

யாரும் பேசவில்லை. அவரும் போகத் திரும்பிவிட்டார். மனசு கேட்கவில்லை, அத்தான்.

"நான்தாங்க" என்றேன்.

மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பட்டம் போச்சு, அடுத்த வருஷம் மறுபடி உட்காரணும். ஆனாலும் அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன சுகம் இருக்கிறதே, அது மூன்று நாள் தியானத்தில் எனக்குக் கிடைக்கவே இல்லை.